நுரை பொங்கினால் ஓவன் சுத்தமாகிவிடுமா?

அரூர் அடுப்படி:
கேக் ஆர்டர் இழையில் ஓசூர்வாசி எழுதியதைப் படித்ததிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து ஓ.டி.ஜி. (மேடையில் வைக்கிற சின்ன மின்சார) ஓவனுக்குள் ஊற்றினால், பொங்குகிற நுரை எண்ணெய்க் கறையைப் பிய்த்துக்கொண்டு வருமாம். சோடா காரம், வினிகர் அமிலம். சேர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். கரியமில வாயு பறந்துபோக, மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர்தான். அதற்கு நேராகக் குழாய்த் தண்ணீரிலேயே துடைத்துவிடலாமே! சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து அப்பி, ராத்திரி முழுக்க விட வேண்டும். அப்போதுதான் காரம் எண்ணெயில் வேலை செய்யும்.

ஓசூர்வாசி:
செய்து பார்த்துத்தான் எழுதினேன். நுரை வந்தது, கறை போனது. உங்கள் வேதியியல் வகுப்புக்கு ஃபீஸ் எவ்வளவு?

அரூர் அடுப்படி:
உங்களுக்கு இலவசம். கறை போனது நீங்கள் தேய்த்த தேய்ப்பில், நுரையில் இல்லை. அப்புறம், "ஊற்றுங்கள்" என்கிறீர்களே, ஓ.டி.ஜி.யில் கீழேயே ஹீட்டர் ராட் இருப்பது தெரியுமா? பிளக்கைப் பிடுங்கச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை.

காவேரிப்பட்டணத்தான்:
பொங்கும்போது இடுக்கில் இருக்கிற தூள் இளகத்தானே செய்யும்? எங்கள் சிங்க் அடைப்புக்கும் இதுதான் வைத்தியம்.

அரூர் அடுப்படி:
சிங்க்கில் கேக் சுடுகிறீர்களா சார்? ஓவனில் இருப்பது சூட்டில் காய்ந்து இறுகிப்போன எண்ணெய். அதற்கு நுரை ஒரு பொருட்டே இல்லை.

பென்னாகரம் தம்பி:
அக்கா, எங்கள் ஓவன் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு. சோடா போட்டும் போகவில்லை. தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடா?

ஓசூர்வாசி:
தர்மபுரித் தண்ணீர் அப்படித்தான் தம்பி. ஓசூரில் இந்தத் தொல்லை இல்லை.

அரூர் அடுப்படி:
தம்பி, ஃபுளோரைடு கண்ணுக்குத் தெரியாது. அது போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு, ஈரத்தை அப்படியே காயவிட்டதால் படிந்தது. அதற்குத்தான் வினிகர், சோடா சேர்க்காமல் தனியாக. புளித்தண்ணீரும் கேட்கும். ஓசூர்வாசிக்கு ஒரு தகவல்: ஃபுளோரைடு பிரச்சினைக்காக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் சேர்த்துத்தான். 2004 பிப்ரவரி வரை ஓசூரும் தர்மபுரி மாவட்டம்தான், மறந்துவிட வேண்டாம்.

ஓசூர்வாசி:
பிரிந்து 20 வருஷம் தாண்டிவிட்டது, இன்னும் பாகப்பிரிவினை பேசுகிறார். போன தீபாவளிக்கு என் ராகி பிஸ்கட் செய்முறையைத் தன் பெயரில் போட்டவர் யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அரூர் அடுப்படி:
ராகி உங்கள் தாத்தா சொத்தா? களி கிண்டத் தெரிந்த ஊரில் பிஸ்கட் போட உங்களிடம் கேட்க வேண்டுமா? அதுவும் உங்கள் அளவில் வெண்ணெய் போட்டால் பிஸ்கட் கையிலேயே உதிர்ந்துவிடும். பேச்சை மாற்றாமல் நுரைக்கு வாருங்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
கடையில் ஓவன் கிளீனர் ஸ்ப்ரே இருக்கிறது. அடித்தோமா துடைத்தோமா என்று போகாமல் இதற்குப் போய் இவ்வளவு சண்டையா?

அரூர் அடுப்படி:
அந்த ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. அலுமினிய ட்ரேயில் பட்டால் அரித்துவிடும், கையுறை இல்லாவிட்டால் உங்கள் கையையும்.

ஓசூர்வாசி:
ராத்திரி முழுக்க ஆப்ப சோடாவை அப்பினால் மட்டும் அலுமினியம் கருக்காதா? அதையும் சொல்லுங்கள் டீச்சர்.

அரூர் அடுப்படி:
ட்ரேயை வெளியே எடுக்கத் தெரியாதவர்கள் ஓவனே வாங்கக் கூடாது. கேள்வி நுரையைப் பற்றியது.

ஓசூர்வாசி:
ஓவனின் உள்சுவரைக் கேட்டால் ட்ரேயைக் காட்டுகிறார். நல்லது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ போடுகிறேன், நுரை பொங்குவதைக் கண்ணாரப் பாருங்கள்.

அரூர் அடுப்படி:
பொங்காது என்று யார் சொன்னது? பொங்கும். கறைதான் போகாது. வீடியோவில் தேய்க்கிற இடத்தை வெட்டாமல் போடுங்கள்.

பென்னாகரம் தம்பி:
அக்கா, புளியைக் கரைத்து வடிகட்ட வேண்டுமா, இல்லை அப்படியே தேய்க்கலாமா?

ஓசூர்வாசி:
முதலில் அக்காவிடம் அனுமதிக் கடிதம் வாங்கு தம்பி. புளியிலும் அமிலம் இருக்கிறது.