மறு: ஆல்டேர் 8800 கையேடு: மின்தேக்கி ‘ரீஃபார்மிங்’, தமிழில்?

செ. எழுதியது:
பழங்கணினிப் பராமரிப்புக் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். எடுத்துக்காட்டு, வாஷிங்டன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திலும் இருக்கிற ஆல்டேர் 8800 என்னும் தொடக்ககால நுண்கணினி. 1975, இன்டெல் 8080, 256 பைட்டு நினைவகம் எல்லாம் எழுதியாயிற்று. மின்வழங்கிப் பகுதியில் நிற்கிறேன். பல்லாண்டு மின்சாரம் காணாத மின்பகுளி மின்தேக்கியில், அலுமினியத் தகட்டின் மேலுள்ள ஆக்சைடு படலம் நலிந்திருக்கும். எடுத்த எடுப்பில் முழு மின்னழுத்தம் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் கூடிச் சூடேறும், வாயு சேர்ந்து வெடிக்கவும் செய்யும். கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றினால் படலம் மறுபடி வளரும். இதைத்தான் ஆங்கிலத்தில் ‘ரீஃபார்மிங்’ என்கிறார்கள். தமிழில் ‘மீளுருவாக்கம்’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

பா. எழுதியது:
மின்தேக்கியையே புதிதாகச் செய்வதாகப் படும், அம்மா. உருவாவது படலம்தானே? ‘படலமீட்சி’ எனலாம். கண்ணில் விழுவதும் படலம், கம்பனில் நாட்டுப் படலமும் படலம்.

ந. எழுதியது:
ஐயா, கம்பனை விடுங்கள். பழுதுபார்ப்பவர் கையில் புழங்க வேண்டிய சொல் இது. புது இரும்புத் தோசைக்கல்லைச் சிறுதீயில் எண்ணெய் தடவிப் பழக்குகிறோம். அங்கேயும் மேலே ஒரு படலம்தான் பிடிக்கிறது. ‘மின்தேக்கியைப் பழக்குதல்’ போதும். தேங்கு–தேக்கு போல பழகு–பழக்கு, பிறவினை சரியாக வருகிறது.

பா. எழுதியது:
‘பழகிய செல்வமும் பண்பும்’ என்னும் குறளில் பழகிய என்பது தொன்றுதொட்டு வந்தது. பழைமையும் பழக்கமும் ஒரே வேர். ஆனால் ‘பழக்கு’ என்றால் படிப்பவர் மாட்டைத்தான் நினைப்பார்.

ர. எழுதியது:
இலங்கைப் பாடநூல்களில் அது மின்தேக்கியே அல்ல, கொள்ளளவி. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். செய்முறையைப் பிழையில்லாமல் எழுதுங்கள். வேரியாக்கை (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மாற்றியை) திருகினால் போதும் என்று எழுதிவிடாதீர்கள். அது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாது. மின்சுற்று அட்டைகள் எல்லாவற்றையும் உருவிவிட்டு, மின்தேக்கியைச் சுற்றிலிருந்து பிரித்து, 10 கிலோ ஓம் தடையைத் தொடரில் போட்டு, முனை மாறாமல் நேர்மின் வழங்கியில் இணைக்க வேண்டும். மல்டிமீட்டரைத் தடைக்குக் குறுக்கே வையுங்கள்: 5 வோல்ட் காட்டினால் கசிவு 0.5 மில்லி ஆம்பியர். அது நன்றாக இறங்கின பிறகே அழுத்தத்தில் அடுத்த படி. மேலே அச்சிட்ட அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. இறங்காமல் நின்றாலோ, உடல் சூடானாலோ அது தேறாது. மாற்றுங்கள், ஆனால் கழற்றியதை எறியாமல் சீட்டுக் கட்டி இயந்திரத்தோடு வையுங்கள். முடிந்ததும் தடை வழியாக மின்னிறக்கம் செய்துவிட்டே கை வைக்க வேண்டும்.

ந. எழுதியது:
இதையும் சேருங்கள்: உலர்ந்த மின்பகுளியைப் பழக்குதல் திருப்பித் தராது. கசிவு குறைந்தாலும் தேக்குதிறனையும் உள்தடையையும் தனியே அளக்க வேண்டும்.

செ. எழுதியது:
நன்றி. தலைப்பில் ‘படலமீட்சி’, செய்முறையில் ‘பழக்குதல்’. பெரும்பாலோர் இதற்கு ஒத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். சும்மா கிடந்தால் படலம் மறுபடி நலியும் என்பதால், சீட்டில் ‘பழக்கிய நாள்’ என்றொரு கட்டமும் வைக்கிறேன்.

பா. எழுதியது:
ஒரே செயலுக்கு ஒரே கையேட்டில் இரண்டு சொல் கூடாது. சீட்டிலாவது ‘படலமீட்சி நாள்’ என்று போடுங்கள். என் மறுப்பைப் பதிந்து வையுங்கள்.