ரிமோட் யார் கையில்?

குழு: ஆலமரம்
ஞாயிறு மாலை

நான் (5.02)
அவசரம். டிவி ரிமோட்டைக் காணோம். கடைசியாக மதியம் மூன்று மணிக்குப் பாப்பா கையில் பார்த்தது. டோரா கார்ட்டூனில் ஒரே எபிசோட் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது ஐந்தாவது தடவை.

மதுரை அக்கா (5.04)
சோபா இடுக்கில் கையை விட்டுப் பார்த்தாயா?

நான் (5.05)
பார்த்தேன். ஒரு இரண்டு ரூபாய் நாணயம், பாதி தின்ற பிஸ்கட், அப்பா ஆறு மாதமாகத் தேடும் கண்ணாடிக் கூடு. ரிமோட் இல்லை.

பர்மிங்காம் சித்தி (5.07)
சுவரில் இருக்கிற சுவிட்சை அணைக்க வேண்டியதுதானேப்பா?

நான் (5.09)
அணைத்தேன் சித்தி. பாப்பா போட்ட சத்தத்தில் கீழ் வீட்டு மாமி கரண்டியும் கையுமாகப் படியேறி வந்துவிட்டார், குழந்தை எங்கேயோ விழுந்துவிட்டது என்று நினைத்து. மறுபடியும் போட்டேன். விட்ட இடத்திலிருந்தாவது வருமா? முதலில் இருந்து ஆரம்பிக்கிறது.

அக்கா மகன் (5.10)
மாமா, போனிலேயே ரிமோட் ஆப் இருக்குமே?

நான் (5.12)
இந்த டிவி நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வாங்கியது. பென் டிரைவ் செருக ஒரு ஓட்டை இருப்பதே அதற்குப் பெரிய விஷயம். அந்தப் பென் டிரைவில் ஒரே ஒரு எபிசோடை ஏற்றிக் கொடுத்த புண்ணியவான் யார் என்று குழுவுக்கே தெரியும்.

அக்கா மகன் (5.13)
டோராவைத் தமிழில் போட்ட சுட்டி டிவி வந்தது 2007-இல். எனக்கு அப்போது இரண்டு வயது. நான் பார்த்து வளர்ந்ததைப் பாப்பாவும் பார்க்கட்டும் என்று பாசத்தில் கொடுத்தேன் மாமா.

மதுரை அக்கா (5.15)
இவன் வளர்ந்த லட்சணம் எனக்கல்லவா தெரியும்? காலையில் பால்காரர் வந்தால் வாசலில் நின்றுகொண்டு, டோராவில் திருட வருகிற குள்ளநரியைத் தடுக்கிற மாதிரி, "குள்ளநரி திருடக்கூடாது" என்று கையை நீட்டி மூன்று தடவை சொல்வான். அந்த மனிதர் அதற்கப்புறம் தண்ணீர் கலப்பதைக் குறைத்துக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும்.

பாப்பா அம்மா (5.17)
நான் ஊரில் இல்லாத ஒரே ஒரு நாள். ஒரு நாள்!

நான் (5.18)
நீ செங்கல்பட்டில் நிம்மதியாக இரு. எல்லாம் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

நான் (5.23)
எனக்கு டோராவிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. மலை அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. இந்தப் பழைய டிவியிலேயே பச்சைப்பசேல் என்று தெரிகிறது. ஆனால் மலை எங்கே என்று நம்மைக் கேட்கிறாள். கேட்டுவிட்டு இமை கொட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். பாப்பா பதில் சொல்வதில்லை. அவள் தரையில் உட்கார்ந்து மிக்சரில் இருந்து கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பதில் சொல்வது அப்பா. ஈசிசேரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து, "உனக்குப் பின்னாடிதாம்மா, திரும்பிப் பாரு" என்கிறார். ஐந்து தடவையும் சொன்னார். ஐந்தாவது தடவை குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

திருச்சி அத்தை (5.25)
அண்ணன் எப்போதும் அப்படித்தான். ரேடியோவில் கிரிக்கெட் ஓடும்போதே பேட்ஸ்மேனுக்கு யோசனை சொல்வார்.

மதுரை அக்கா (5.30)
அந்தக் காத்திருப்பு வேண்டுமென்றே வைப்பதுடா. டோரா 2000-இல் வந்தது. அதற்கு முன் 1996-இல் அதே நிக்கலோடியன் சேனலில் புளூஸ் குளூஸ் என்று ஒன்று வந்தது. ஒரு நீல நாய்க்குட்டி, மூன்று துப்பு, அவ்வளவுதான் கதை. கேள்வி கேட்டுவிட்டு, குழந்தை யோசித்துப் பதில் சொல்ல நேரம் விடுவார்கள். இன்னொன்றும் செய்தார்கள். ஒரே எபிசோடைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் போட்டார்கள். முதல் நாள் வாயைப் பிளந்து பார்க்கிற குழந்தை, போகப்போகத் தானே கத்திப் பதில் சொல்லும். அடுத்து என்ன வரும் என்று தெரிவதில்தான் அதற்குச் சந்தோஷம். என் எல்கேஜி பிள்ளைகள் திராட்சைத் தோட்டத்து நரிக் கதையை நூறாவது தடவை கேட்டாலும் "மிஸ், இப்போ நரி எம்பும்" என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள்.

நான் (5.31)
குழந்தைக்குச் சரி அக்கா. பெற்றவன் ஐந்தாம் நாள் எந்த நிலைமையில் இருந்தான் என்று யாராவது பார்த்தார்களா?

பர்மிங்காம் சித்தப்பா (5.36)
நீ டெலிடப்பீஸ் காலத்தில் தகப்பனாக இருந்திருக்க வேண்டும். 1997, பிபிசி. ஆளுயரத்துக்கு மேல் நான்கு பேர், ஒவ்வொருவர் வயிற்றிலும் ஒரு டிவி. அந்த வயிற்று டிவியில் நிஜக் குழந்தைகள் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதைக் காட்டுவார்கள். முடிந்ததும் நான்கு பேரும் "மறுபடி, மறுபடி" என்று குதிப்பார்கள். உடனே அதே படத்தை முழுசாக இன்னொரு தடவை போடுவார்கள். ரிப்பேர் ஆன டிவி என்று நினைத்து மேலே ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். உன் சித்தி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பர்மிங்காம் சித்தி (5.37)
அந்த வீட்டில் வேலை செய்கிற ஒரே ஜீவன் வாக்யூம் கிளீனர். மற்ற நான்கும் கஸ்டர்டைக் கொட்டிவிட்டு ஓடிவிடும். எனக்கு அதைப் பார்த்தால் என் ஞாபகம் வரும்.

பர்மிங்காம் சித்தப்பா (5.41)
பெரியவனுக்கு அந்த நான்கு பேரும் ஓடியாடுகிற புல்மேடு நிஜமாகவே இருக்கிறது என்று எப்படியோ தெரிந்துவிட்டது. ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம் ஒரு பண்ணை, இங்கிருந்து பக்கம்தான். ஒரு சனிக்கிழமை புளிசாதம் கட்டிக்கொண்டு போனோம். போய் விசாரித்தால் அங்கே புல்மேடு இல்லை, குளம் இருக்கிறது. கண்ட கண்ட ஆட்கள் வேலி தாண்டி வருகிறார்கள் என்று நிலத்துக்காரரே தண்ணீரைக் கட்டி நிரப்பிவிட்டார்களாம். கண்ட கண்ட ஆட்கள் என்றால் எங்களைத்தான். காரிலேயே புளிசாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அக்கா மகன் (5.42)
அந்த மேட்டில் மேய்கிற முயல்கள் கூட சாதாரண முயல் இல்லை தாத்தா. சாதாரண முயலை விட்டால் அந்த நான்கு பேர் பக்கத்தில் எலி மாதிரி தெரியும் என்று ராட்சச ஜாதி முயலாகப் பார்த்துக் கொண்டுவந்தார்கள்.

பர்மிங்காம் சித்தப்பா (5.43)
முயலைச் சொல்லாதே. சூரியனுக்குள் ஒரு குழந்தை சிரிக்குமே, அதற்கு இப்போது ஏறக்குறைய முப்பது வயது. அதை நினைத்தால்தான் எனக்குத் தலை சுற்றுகிறது.

மதுரை அக்கா (5.48)
எல்லாம் சரி, கேட்பது தப்பாக நினைக்காதே. உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது. பாப்பாவுக்கு இரண்டரை. மதியம் மூன்றிலிருந்து கணக்குப் போடு.

அக்கா மகன் (6.17)
என்ன, குழுவே அமைதியாகிவிட்டது?

நான் (6.19)
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா, பாப்பா கடலைதான் பொறுக்கினாள், டிவியைப் பார்க்கவே இல்லை. பார்த்தது அப்பா. எழுபத்து மூன்று வயதுக்கு எத்தனை மணி நேரம் என்று அதில் போட்டிருக்கிறார்களா?

பிரிஸ்பேன் தங்கச்சி (6.24)
இப்போதுதான் பார்த்தேன், இங்கே மணி பதினொன்று ஆகப்போகிறது. உங்களுக்கு ஒரு டோராதான். எங்களுக்கு புளூயி, ஒரு நாய்க் குடும்பத்துக் கார்ட்டூன். 2018-இலிருந்து வருகிறது, இந்த ஊரிலேயே எடுக்கிறார்கள், ஒரு எபிசோட் ஏழே நிமிஷம். கதை நடப்பது எங்கள் தெருவில் இருக்கிற மாதிரி கால் வைத்த மரவீட்டில். நான் வாரத்துக்கு ஏழு நாளும் பார்ப்பேன், மகன் தூங்கினபிறகும் பார்ப்பேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை. பிரச்சினை அதில் வருகிற அப்பா நாய்தான். பிள்ளைகள் கூப்பிட்டால் போதும், எந்த வேலையையும் போட்டுவிட்டுக் குதிரையாகும், நோயாளியாகும், ரோபோவாகும். அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்காரரை இவன் காலையிலேயே குதிரையாக்கிவிட்டான். இவர் இன்னும் நிமிரவில்லை. படுத்தபடி மீட்டிங்கில் பேசினார்.

நான் (6.25)
அந்த நாய்க்கு வேலைவெட்டி கிடையாதா?

பிரிஸ்பேன் தங்கச்சி (6.26)
இருக்கிறதே. தொல்லியல் ஆய்வாளர். நாய்க்கு எலும்பு தோண்டுகிற வேலை, எவ்வளவு பொருத்தம் பார். அம்மா நாய்க்கு விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை.

மதுரை அக்கா (6.27)
தோண்டுகிற ஆள் என்றால் கீழடிக்கு அனுப்பி வை. இங்கிருந்து பக்கம்தான்.

திருச்சி அத்தை (6.31)
எங்கள் பேரன் கார்ட்டூனில் பார்க்கிற சோட்டா பீம் லட்டு தின்றால் பலம் வந்து பத்துப் பேரை அடிக்கிறானாம். எனக்கு டாக்டர் அரை லட்டுக்கே பத்து நாள் மாத்திரையைக் கூட்டுகிறார்.

அக்கா மகன் (6.32)
அது ஹைதராபாத்தில் எடுப்பது பாட்டி, 2008-இலிருந்து. சென்னையிலும் ஆள் இருக்கிறார்கள். சுச்சு டிவி என்கிற யூடியூப் சேனல் இங்கே ஆரம்பித்ததுதான், 2013-இல். ஒருவர் தன் மகளுக்காகப் போட்ட வீடியோ. உலகம் முழுக்கக் குழந்தைகள் அதைப் பார்த்துத்தான் சோறு சாப்பிடுகிறார்கள்.

பாப்பா அம்மா (6.40)
ரயில் ஏறிவிட்டேன், உட்கார இடமும் கிடைத்துவிட்டது. ஆகவே பெப்பா கதையை நான் சொல்கிறேன், இவர் சொல்லமாட்டார். அந்தப் பன்றிக்குட்டி பேச்சுக்கு நடுவில் மூக்கால் ஒரு உறுமல் விடும். எபிசோட் ஐந்து நிமிஷம். பெரும்பாலும் எல்லோரும் மல்லாந்து விழுந்து சிரிப்பதோடு முடியும். போன மாதம் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா பாப்பாவைத் தூக்கி "உன் பேர் என்னம்மா" என்றார். இவள் அவர் முகத்துக்கு நேராக உறுமினாள். அவர் பாவம், "குழந்தைக்குச் சளி, கற்பூரவல்லி இலையைப் பிழிந்து கொடுங்கள்" என்றார். இறக்கிவிட்டதும் ஜமுக்காளத்தில் மல்லாந்து விழுந்து காலை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். தாம்பூலத் தட்டு ஒரு சாண் தள்ளி இருந்ததால் தப்பித்தோம்.

அம்மா (6.42)
பன்னி சகதியில புரளுறதுக்கு ஒரு சீரியலா? நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு ஓடுதே.

பர்மிங்காம் சித்தி (6.43)
அண்ணி வந்துவிட்டார்கள்!

அம்மா (6.58)
டேய், சமையல்கட்டுக்கு வா.

நான் (7.06)
ரிமோட் கிடைத்துவிட்டது. அம்மா இட்லிக்கு ஊறப்போட அரிசி டிரம்மைத் திறந்து படியை விட்டிருக்கிறார், படியில் அரிசியோடு ரிமோட் வந்திருக்கிறது. பாப்பாவிடம் கேட்டேன். "குளிச்சுச்சு" என்கிறாள். குளியலறை வாளியைப் போய்ப் பார்த்தேன், பேட்டரி மூடி மிதக்கிறது.

மதுரை அக்கா (7.07)
அரிசியில் எதற்குப் போட்டாள்?

பாப்பா அம்மா (7.08)
போன வாரம் அவர் போன் சிங்க்கில் விழுந்தது. ஈரம் போகட்டும் என்று இரண்டு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா மகன் (7.09)
மாமா, அவள் டிவியைப் பார்ப்பதே இல்லை. உங்களைத்தான் பார்க்கிறாள். ஒரே எபிசோடைத்தான் அவளும் பார்க்கிறாள்.

நான் (7.10)
நீ படிக்கிற வேலையைப் பார்.

பிரிஸ்பேன் தங்கச்சி (7.12)
ரிமோட் வேலை செய்கிறதா?

நான் (7.13)
பேட்டரி மாற்றிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு ஒரு தடவை கண்ணைத் திறந்து மூடியது, அப்புறம் பேச்சில்லை. மறுபடியும் அரிசிக்குள் வைத்திருக்கிறேன். அம்மா, இட்லிக்கு வேறு டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்.

நான் (7.38)
பாப்பா மிக்சர் தட்டின் பக்கத்திலேயே தூங்கிவிட்டாள். தூக்கிப் படுக்கவைத்தாயிற்று. டோரா பதினோராவது தடவை. இப்போது சுவிட்சை அணைத்தால் சத்தம் போட வீட்டில் ஆள் கிடையாது. இதோ அணைக்கப் போகிறேன்.

அப்பா (7.39)
இரு. குள்ளநரி வரப்போகிறது.