இஎல்34 மாத்துனதுல இருந்து ஒரு டியூப் மட்டும் செக்கச்செவேல்னு எரியுது, அவசரம்

ரெக்கார்டு_கோவை · இரவு 10:52
வணக்கமுங்க. நேத்து என் ஆம்ப்ளிஃபயர்ல சத்தத்தைப் பெருக்குற பவர் டியூப் (வால்வு) நாலையும் கழட்டிட்டு புதுசா இஎல்34 போட்டனுங்க. ஆன் பண்ணி ரெண்டு நிமிஷம் இருக்கும், லெஃப்ட்ல ஒரு டியூப்புக்குள்ள இருக்குற தகடு கொல்லன் பட்டறை இரும்பு மாதிரி செவந்துருச்சு, ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு இரைச்சல், அப்புறம் ஃபியூஸ் போயிருச்சு. ஃபியூஸ் மாத்தியும் அதே கதைதான். நீல வெளிச்சம் வேற வருது. டூப்ளிகேட் டியூப்பா? நாளைக்குத்தான் ரிட்டர்ன் பண்ண கடைசி நாளு, சீக்கிரம் சொல்லுங்க.

ஓம்ஸ்லா · இரவு 11:03
என்ன ஆம்ப்? ஃபிக்ஸட் பயாஸா, கேத்தோடு பயாஸா? (பயாஸ்னா டியூப்ல எவ்ளோ கரண்ட் ஓடணும்னு வைக்கிற அளவு.) மாத்துனதும் பயாஸ் செட் பண்ணீங்களா? எதுக்கு மாத்துனீங்க? இதுல ஒண்ணு கூட சொல்லலையே ப்ரோ.

சர்க்யூட்_சங்கர் · இரவு 11:10
நீல வெளிச்சம்னா டியூப்ல காத்து புகுந்துருச்சுன்னு அர்த்தம், உடனே ரிட்டர்ன் போடுங்க.

அனோடு · இரவு 11:21
அரைகுறையா சொல்லி பயமுறுத்தாதீங்க சங்கர். கண்ணாடியோட உள்பக்கத்துல ஒட்டுன மாதிரி நீலம் தெரிஞ்சா அது நல்ல டியூப்லயும் வரும், சில எலக்ட்ரான் தகட்டைத் தாண்டிப்போய் கண்ணாடியில மோதுறதால வர்றது. தகடுக்கு நடுவுல ஊதா கலர்ல புகை மாதிரி நின்னா தான் டியூப்புக்குள்ள வாயு இருக்குன்னு அர்த்தம். காத்து புகுந்திருந்தா உச்சியில இருக்குற வெள்ளிப் பூச்சு சுண்ணாம்பா வெளுத்திருக்கும், அந்த டியூப் வேலையே செஞ்சிருக்காது. இழை போட்டவருக்கு: இதெல்லாம் ஆயிரம் தடவை பேசியாச்சு. பயாஸ்னா என்னன்னு தெரியாம பவர் டியூப்ல கை வைக்கிறது, கிளட்ச் எதுன்னு தெரியாம லாரி எடுக்குற மாதிரி. முதல்ல கொஞ்சம் படிச்சிட்டு வாங்க.

ரெக்கார்டு_கோவை · இரவு 11:34
டைனகோ எஸ்டி-70 ங்க. மாமா அமெரிக்காவுல இருந்து வர்றப்ப கொண்டாந்தது. பயாஸ் பண்ணலீங்க, பழசைக் கழட்டி புதுசைச் சொருகுனேன் அவ்ளோதான். பல்பு மாதிரி தானேன்னு நெனச்சேன்.

ரீல்_டு_ரீல் · இரவு 11:41
ஆஹா, 1959ல வந்த டிசைன். அருமையான பெட்டி. ஆனா அதுல பயாஸ் திருகு ரெண்டே ரெண்டுதான், லெஃப்டுக்கு ஒண்ணு ரைட்டுக்கு ஒண்ணு. ஒரு திருகுக்கு ரெண்டு டியூப். அதனால ஜோடி மேட்ச் ஆகலைன்னா ஒண்ணு அதிகமா இழுக்கும், இன்னொண்ணு சும்மா உக்காந்திருக்கும். மேட்ச்டு செட்டா வாங்குனீங்களா? டியூப்பு டப்பாவுல நம்பர் எழுதி இருக்கும் பாருங்க. அப்புறம் முன்னாடி ப்ரீஆம்ப் (இதுக்கு முன்னாடி சேக்குற சின்ன ஆம்ப்) சொருகுற எட்டுக்கால் சாக்கெட் ரெண்டு இருக்குல்ல, மீட்டர் வச்சு அளக்குற இடம் அதுலயேதான். ரெண்டு டியூப் கரண்ட்டும் சேந்து 15.6 ஓம்ஸ் ரெசிஸ்டர் வழியா போகும், அங்க 1.56 வோல்ட் வரணும். அதாவது ஜோடிக்கு 100 மில்லி ஆம்பியர், டியூப்புக்கு 50. இப்ப வர்ற டியூப்புக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி, நான் 1.25ல வச்சுதான் ஓட்டுறேன், டியூப்புக்கு 40 வரும்.

சர்க்யூட்_சங்கர் · இரவு 11:48
எஸ்டி-70னா யோசிக்கவே வேணாம், செலினியம் ரெக்டிஃபயர்தான். பயாஸுக்கு மைனஸ் வோல்ட்டேஜ் குடுக்குறதே அதான், வயசானா வோல்ட்டேஜ் இறங்கிடும், டியூப் செவந்துடும். பிச்சு எறிஞ்சிட்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு 1என்4007 டயோடு வாங்கிப் போடுங்க, ரெண்டு ரூபாய்.

ஓம்ஸ்லா · இரவு 11:55
செலினியம் ஒண்ணுதான சங்கர், அதுல இருந்துதான் ரெண்டு சேனலுக்கும் போகுது. அது படுத்திருந்தா நாலும் செவக்கணும். ரைட்டு சைடு நல்லாத்தான இருக்கு? மாத்துறது நல்லதுதான், ஆனா இந்த நோய்க்கு மருந்து அது இல்ல.

ரெக்கார்டு ப்ரோ, ஒரே ஒரு வேலை பண்ணுங்க. ஆஃப் பண்ணி நல்லா ஆறட்டும், லெஃப்ட்ல இருக்குற ரெண்டு டியூப்பையும் இடம் மாத்திப் போடுங்க. ஆன் பண்ணி கைய ஸ்விட்ச்லயே வச்சுக்கிட்டுப் பாருங்க. செவப்பு டியூப்போட கூடவே போச்சுன்னா டியூப்ல கோளாறு. பழைய இடத்துலயே நின்னா டியூப் மேல தப்பு இல்ல.

ரெக்கார்டு_கோவை · இரவு 12:19
மாத்திப் பாத்தேன். அதே எடத்துலதான் செவக்குது, பின்னாடி சாக்கெட். மீட்டர்ல 2.9 வருது. திருகைத் திருப்புனா எறங்குது ஆனா எவ்ளோ திருப்புனாலும் 2.2க்குக் கீழ வர மாட்டேங்குது. ஃபியூஸ் தீந்து போச்சு, இப்போதைக்கு ஒரு செம்புக் கம்பி சுத்தி வச்சிருக்கேன்.

அனோடு · இரவு 12:24
கம்பியா? கம்பியை எடுங்க. இப்பவே. அங்க 3 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ இருக்கணும். ஃபியூஸ் போறதே ட்ரான்ஸ்ஃபார்மரைக் காப்பாத்தத்தான். இந்தத் தடவை ஃபியூஸுக்குப் பதிலா ஒரிஜினல் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போகும், அதைத் தேடி நீங்க ஊர் ஊரா அலைவீங்க. லாரி உதாரணம் சொன்னதுக்கு யாரோ எனக்கு டிஸ்லைக் போட்டிருக்கீங்க, சந்தோஷம்.

ரீல்_டு_ரீல் · இரவு 12:30
இடத்துலயே நிக்குதுன்னா கப்ளிங் கெப்பாசிட்டர் லீக். அந்த 0.1 மைக்ரோ ஃபாரட். முன்னாடி இருக்குற ட்ரைவர் டியூப்போட ப்ளஸ் வோல்ட்டேஜ் கசிஞ்சு பவர் டியூப்போட கிரிட்ல (கரண்ட்டை அடக்குற கம்பி வலை) ஏறுது, பயாஸோட மைனஸை அமுக்குது. 60 வருஷத்து கெப்பாசிட்டர், வேற என்ன எதிர்பாக்குறீங்க. என் அனுபவத்துல பத்துக்கு எட்டு கேஸ் இதான்.

தஞ்சை_ட்ரையோடு · காலை 6:40
எல்லாரும் ஒண்ணை மறந்துட்டீங்க. அமெரிக்கப் பெட்டின்னா 110ல ஓடுறது. கோயம்புத்தூர்ல எப்படி ஓட்டுறார்? ஸ்டெப்டவுன் (230ஐ 110 ஆக்குற ட்ரான்ஸ்ஃபார்மர்) வச்சாலும் நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ், அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் 60க்கு சுத்துனது. உள்ள இருக்குற இரும்புக் கோர் காந்தம் தாங்காம சாச்சுரேட் ஆகி கொதிக்கும். அதான் பிரச்சனையோட வேர்.

ஓம்ஸ்லா · காலை 7:15
வேர் எல்லாம் இல்லைங்க. கோர் மேல சுமை எவ்ளோன்னு பாக்க வோல்ட்டை ஹெர்ட்ஸால வகுக்கணும். அமெரிக்காவுல 117ஐ 60ஆல வகுத்தா 1.95, இங்க 110ஐ 50ஆல வகுத்தா 2.2. கோர்ல ஒரு 13 சதவீதம் ஜாஸ்தி சுமை, சூடு கூடும், ஒத்துக்கறேன். அதுக்காக நாலு டியூப்ல ஒண்ணு மட்டும் செவக்குமா?

தஞ்சை_ட்ரையோடு · காலை 7:22
உங்க கணக்கு லைன்ல 230 இருந்தா. ராத்திரி பத்து மணிக்கு மேல எங்க தெருவுல 250 வருது. அப்ப ஸ்டெப்டவுன்ல 120. இப்ப வகுத்துப் பாருங்க.

ஓம்ஸ்லா · காலை 7:26
2.4. சரி. இன்னும் ஒரே ஒரு டியூப்தான் செவக்குது.

கேடி_ரசிகன் · காலை 7:50
நானா இருந்தா இந்த இஎல்34 வம்பே வேணாம்னு கேடி88 போட்டுடுவேன். இது 25 வாட் தாங்குற தகடு, அது 42. செவக்கவே செவக்காது, பேஸும் நல்லா இறங்கும்.

அனோடு · காலை 8:05
செவக்காது, ட்ரான்ஸ்ஃபார்மர்தான் செவக்கும். கேடி88 ஹீட்டருக்கே 1.6 ஆம்பியர், இதுக்கு 1.5, நாலுக்கும் கூட்டிக்கோங்க. ஏற்கெனவே 50 ஹெர்ட்ஸ்ல வறுபடுற இரும்பு. நோய் என்னன்னே தெரியாம பெரிய மாத்திரையா பாத்து முழுங்கச் சொல்றீங்க.

ரெக்கார்டு_கோவை · காலை 8:31
ஸ்டெப்டவுன் இருக்குங்க, மாமா குடுத்ததுதான், சொல்ல மறந்துட்டேன். கம்பியை எடுத்துட்டேன். பழைய டியூப்ல என்னவோ எக்ஸ்எஃப்2ன்னு கண்ணாடியில மங்கலா எழுதியிருக்கு, அதுக்கு கீழ பி-ல ஆரம்பிச்சு ஏதோ நம்பர். அது என்ன வோல்ட்டேஜா? அதைத் திரும்பப் போட்டுப் பாக்கலாமா?

ரீல்_டு_ரீல் · காலை 8:33
என்னது எக்ஸ்எஃப்2ஆ????

கேடி_ரசிகன் · காலை 8:35
சார் அதை என்ன பண்ணப் போறீங்க, விலை சொல்லுங்க.

ரீல்_டு_ரீல் · காலை 8:36
அது முல்லார்ட் (பழைய இங்கிலாந்து கம்பெனி) டியூப் சார். பி-ன்னா இங்கிலாந்துல பிளாக்பர்ன் ஃபேக்டரி. அடுத்த எழுத்துல வருஷம், மாசம் எல்லாம் இருக்கும். அந்த நாலையும் ஒரு துணியில சுத்தி பீரோவுல வைங்க, தயவுசெஞ்சு அந்த கோளாறு சாக்கெட்ல மட்டும் போட்டுடாதீங்க. அதைக் கழட்டிட்டா புது டியூப் போட்டீங்க? யார் சொன்னது?

சர்க்யூட்_சங்கர் · காலை 8:58
60 வருஷத்து டியூப் எவ்ளோ மிச்சம் இருக்கும். பழசுன்னா தங்கம்னு சொல்றது ஒரு மாயை. புதுசே நல்லாத்தான் இருக்கு.

ரீல்_டு_ரீல் · காலை 9:04
என் வீட்டுக்கு ஒரு நாள் வாங்க, ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுக் காட்டுறேன், கண்ணைக் கட்டிக்கிட்டு சொல்லுங்க.

சர்க்யூட்_சங்கர் · காலை 9:06
பிரியாணி உண்டா?

*(இதுக்கு நடுவுல பழசா புதுசான்னு 31 பதில், மடக்கி வைக்கப்பட்டுள்ளது)*

அனோடு · மதியம் 1:12
விஷயத்துக்கு வருவோமா. செலினியம் இல்ல, ஹை வோல்ட்டேஜ் குடுக்குற ரெக்டிஃபயர் டியூப் ஜிஇசட்34ஐ கழட்டிடுங்க, பவர் டியூப் நாலையும் கழட்டிடுங்க. இப்ப ஆன் பண்ணா பவர் டியூப் சாக்கெட்டுக்கு ஹை வோல்ட்டேஜ் வராது, பயாஸ் மட்டும் வரும். கெப்பாசிட்டர்ல பழைய சார்ஜ் நிக்கும், முதல்ல மீட்டர் வச்சு அது இறங்கிடுச்சான்னு பாத்துட்டு அப்புறம் அடிமூடியைத் திறங்க, 400 வோல்ட்டுக்கு மேல, விளையாட்டு இல்ல. நாலு சாக்கெட்லயும் அஞ்சாம் பின்ல (அதுதான் கிரிட்) எவ்ளோ மைனஸ் வருதுன்னு எழுதுங்க.

ரெக்கார்டு_கோவை · மாலை 5:47
5ன்னா எந்தப் பக்கம் இருந்து எண்றதுங்க?

அனோடு · மாலை 5:49
முருகா. அடியில இருந்து பாத்தா நடு ஓட்டையில ஒரு வெட்டு இருக்கும், அதுல இருந்து கடிகார முள் சுத்துற பக்கமா 1, 2, 3. மேல இருந்து பாத்தா எதிர்ப்பக்கம்.

ரெக்கார்டு_கோவை · மாலை 6:40
நாலுலயும் மைனஸ் 36 வருது. ஒரே மாதிரி. அப்ப எல்லாம் கரெக்டா இருக்குன்னு அர்த்தமா? அப்புறம் ஏன் எரியுது?

ரீல்_டு_ரீல் · மாலை 6:52
கெப்பாசிட்டர் லீக்னா இப்படித்தான் ஏமாத்தும், ஹை வோல்ட்டேஜ் இருந்தாதான கசியும். ஜிஇசட்34ஐ திரும்பப் போட்டு, பவர் டியூப் இல்லாம அளங்க.

அனோடு · மாலை 6:58
சொல்லாதீங்க. அது 360-0-360 வைண்டிங், பவர் டியூப் சுமை இல்லைன்னா வோல்ட்டேஜ் 500ஐத் தாண்டும், உள்ள இருக்குற பெரிய கெப்பாசிட்டர் 525 வோல்ட். இவர் ஊர் லைன்ல ராத்திரி எவ்ளோ வருதோ. வெடிச்சா யார் பொறுப்பு?

நெல்லை_மைக்செட் · இரவு 8:15
எல்லாரும் அளக்கதுலயே இருக்கிய. எங்கப்பா மைக் செட் வாடகைக்கு விட்டவர், கோயில் கொடை சமயத்துல ஒரே நாள்ல மூணு ஊருக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் போவும், மாட்டு வண்டியில குலுங்கிக் குலுங்கிப் போயிட்டு வரும். அதனால சொல்லுதேன். தம்பி அந்த 2.2 கணக்கைப் பாருங்க. 2.2ஐ 15.6ஆல வகுத்தா 141 மில்லி. திருகை முழுசா திருப்பியாச்சு, நல்ல வால்வு அனேகமா அணைஞ்சே போச்சு, அப்ப அந்த 141ஐ குடிக்கது ஒத்தை வால்வு. அதுக்கு மைனஸ் போயி சேரவே இல்ல. நீங்க 36 பாத்தது சாக்கெட்டுக்கு அடியில லக்குல (வயர் ஒட்டுற எடம்). வால்வு காலுக்கு அது ஏறுதான்னு யாரு பாத்தா?

எனக்கு ஒண்ணு சொல்லுங்க, பழைய வால்வைக் கழட்டும்போது நேரா இழுத்தியளா, ஆட்டி ஆட்டி எடுத்தியளா? அப்புறம் மொத ஆளு கேட்டதுக்கு இன்னும் பதில் வரல, எதுக்கு மாத்துனிய?

ரெக்கார்டு_கோவை · இரவு 8:44
ஆட்டித்தாங்கண்ணா எடுத்தேன், ரொம்ப இறுக்கமா இருந்துச்சு, பின்னாடி லெஃப்டு ஒண்ணு மட்டும் லேசா வந்துருச்சு. மாத்துனது ஏன்னா ஒரு ஆறு மாசமா லெஃப்ட்ல அப்பப்ப படபடன்னு சத்தம், தட்டுனா நின்னுரும். தெரிஞ்சவர் ஒருத்தர் டியூப் வீக்குன்னு சொன்னார்.

ஓம்ஸ்லா · இரவு 8:46
தட்டுனா நின்னுரும்!!! இதை முதல் போஸ்ட்லயே சொல்லியிருந்தா நேத்து ராத்திரியே எல்லாரும் தூங்கியிருப்போம் ப்ரோ.

நெல்லை_மைக்செட் · இரவு 9:02
அதான் பாத்தேன். ஆஃப் பண்ணி, பிளக்கை உருவி, சார்ஜ் இறங்குன பொறவு சைக்கிள் ஸ்போக் கம்பி ஒரு துண்டு எடுத்து மேல இருந்து ஒவ்வொரு ஓட்டையா விட்டுப் பாருங்க. நல்ல ஓட்டையில லேசா உரசிக்கிட்டுப் போவும். அஞ்சாவதுல தொளதொளன்னு கெணத்துல கல்லு விழுந்த மாதிரி போச்சுன்னா அதான் கள்ளன். அடியில இருந்து ஒரு கோணி ஊசியால அந்த ரெண்டு நாக்கையும் உள்பக்கமா கொஞ்சூண்டு நெருக்கி விடுங்க, கொஞ்சூண்டுதான், முறிஞ்சிரும். காண்டாக்ட் கிளீனர் இருந்தா ஒரு சொட்டு. வேற வெளக்கம் எல்லாம் வேணாம்.

ரீல்_டு_ரீல் · இரவு 9:10
இருக்கலாம். ஆனா கெப்பாசிட்டரையும் மாத்திடறது நல்லது.

சர்க்யூட்_சங்கர் · இரவு 9:11
செலினியத்தையும்.

ரெக்கார்டு_கோவை · மூணு நாள் கழிச்சு, காலை 7:05
சாக்கெட்தானுங்க. நெல்லை அண்ணா சொன்ன மாதிரி அஞ்சாவது ஓட்டை தொளதொளன்னு இருந்துச்சு, நெருக்கி விட்டேன். புது 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு பழைய டியூப் நாலையும் திரும்பப் போட்டுட்டேன், ரெண்டு பக்கமும் 1.4ல அசையாம நிக்குது, படபட சத்தமும் இல்ல. புது செட் ரிட்டர்ன் தேதி போயிருச்சு, யாருக்காவது வேணும்னா பாதி விலைக்குத் தர்றேன். எல்லாருக்கும் நன்றி.

அனோடு · காலை 7:30
அந்தப் புது நாலுல ரெண்டு அந்த சாக்கெட்ல செவந்தது. நீங்களே மாத்திப் போட்டுப் பாத்தீங்க. விக்கிறதா இருந்தா அதைச் சொல்லி வில்லுங்க.

கேடி_ரசிகன் · காலை 7:41
எனக்கு புதுசு வேணாம் சார், அந்தப் பழசு நாலும் எவ்ளோ?

நெல்லை_மைக்செட் · காலை 9:20
தம்பி, மத்த மூணு சாக்கெட்டுலயும் கம்பி விட்டுப் பாத்தியளா?