நிக்சனின் பதில் யாரிடம் இருக்க வேண்டும்? கையொப்பக் கடிதச் சேகரிப்பு பற்றி ஒரு விவாதம்

மைக்கூடு:
அரசியல் தலைவர்களும் கலைஞர்களும் எழுதிக்கொண்ட கடிதங்களை ஏலத்தில் எடுத்துப் பெட்டகத்தில் பூட்டிவைப்பதைச் சிலர் வரலாற்றுத் தொண்டு என்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாடகர் எல்விஸ் பிரெஸ்லி விமானத்தில் அமர்ந்து, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கடிதத்தாளில் அமெரிக்க அதிபர் நிக்சனுக்குக் கைப்பட எழுதி, 1970 டிசம்பர் 21 காலையில் வெள்ளை மாளிகை வாயிலில் தாமே கொண்டுபோய்க் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போதைப்பொருள் ஒழிப்புக்கு உதவ விரும்புவதாகச் சொல்லி, ஜான் பர்ரோஸ் என்ற மாற்றுப்பெயரில் தாம் தங்கியிருந்த விடுதியின் அறை எண்களைக்கூட (505, 506, 507) அதில் குறித்திருக்கிறார். அது தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருப்பதால்தான் நாம் எல்லோரும் அதை இலவசமாகப் படிக்க முடிகிறது.

பழந்தாள்:
அந்தக் கடிதம் அரசு அலுவலகத்துக்கு வந்தது, கோப்பில் ஏறியது; பிறகு நிக்சனின் ஆவணங்களை அரசுடைமையாக்கிய 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காத்தது. பரிசாகத் தந்த கோல்ட் 45 கைத்துப்பாக்கிக்கும் குடும்பப் படங்களுக்கும் நன்றி சொல்லி டிசம்பர் 31 தேதியிட்டு நிக்சன் எழுதிய பதிலோ எல்விஸுக்குப் போனது. இத்தகைய கடிதப் போக்குவரத்தில் ஒரு பாதி எப்போதும் கலைஞரின் வீட்டில்தான் தங்கும். அவர் காலமானபின் வாரிசுகள் வீட்டை ஒழிக்கும்போது, பழைய பேப்பரோடு போகவிருந்ததைக் காசு கொடுத்து மீட்பவர் சேகரிப்பாளர்தான்.

காப்பகவாசி:
அனுப்பிய கடிதத்தின் நகல் அலுவலகக் கோப்பிலேயே இருக்கும் என்பதை நண்பர் மறந்துவிட்டார். அப்படியானால் ஏலத்தில் விலைபோவது கையொப்பம் மட்டுமே. அதுவும் தலைவரின் கையா என்பது கேள்விக்குறி. கென்னடி காலத்திலிருந்தே வெள்ளை மாளிகையில், ஒருவரின் கையொப்பத்தைப் பேனாவால் அப்படியே போட்டுத்தரும் ஆட்டோபென் இயந்திரம் சர்வசாதாரணமாகப் புழங்கியது. செயலாளர்களும் தலைவரின் பெயரை எழுதியிருக்கிறார்கள். ஒரே தலைவரின் இரு கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்கொளியில் பிடியுங்கள். கோடுகள் மயிரிழையும் பிசகாமல் பொருந்தினால் அது இயந்திரத்தின் வேலை, ஏனென்றால் எந்த மனிதரும் இருமுறை அச்சாக ஒரே மாதிரி கையொப்பமிடுவதில்லை. நடிகர்களுக்கும் பாடகர்களுக்கும் போகும் மரியாதைக் கடிதங்களே இந்த இயந்திரத்துக்கு வாகான இரை.

பழந்தாள்:
ஆட்டோபென் பற்றிய எச்சரிக்கை சரி. அதைப் பார்க்கத் தெரியாதவர் இந்த வழிக்கே வரக்கூடாது. ஆனால் தட்டச்சிட்ட கடிதத்தை அனுப்புமுன் தலைவர் ஓரத்தில் பேனாவால் சேர்க்கும் இரண்டு வரி கார்பன் நகலில் விழாது. பிரிட்டனில் விளிச்சொல்லையும் இறுதி வணக்கத்தையும் கையாலேயே எழுதும் வழக்கம் இருந்தது. சர்ச்சிலின் கடிதங்களில் பார்க்கலாம். விளித்த முறையிலிருந்துதான் நெருக்கம் தெரியும், அந்த இடம் அலுவலக நகலில் வெற்றிடம். 1950 டிசம்பரில், தம் மகள் மார்கரெட்டின் பாட்டைக் குறைகூறிய இசை விமர்சகர் பால் ஹியூமுக்கு அதிபர் ட்ரூமன் கைப்பட எழுதிய மிரட்டல் கடிதம் எந்தத் தட்டச்சரின் மேசைக்கும் போகவில்லை.

மைக்கூடு:
ட்ரூமன் கடிதத்தை உலகறியச் செய்தது பத்திரிகை, சேகரிப்பாளர் அல்லர். உங்கள் சந்தை இன்னொன்றையும் வளர்க்கிறது. கென்னடியும் மர்லின் மன்றோவும் செய்துகொண்டதாகச் சொல்லப்பட்ட ஒப்பந்தம் உட்பட நூற்றுக்கணக்கான போலி ஆவணங்களை லாரன்ஸ் குசாக் என்பவர் பல மில்லியன் டாலருக்கு விற்றார். 1963இல்தான் அறிமுகமான ஜிப் அஞ்சல் குறியீடு அதற்கு முந்தைய தேதியிட்ட தாளில் இருந்தது. தட்டச்சில் பிழையான எழுத்தை உரித்தெடுக்கும் திருத்த நாடாவின் தடயமும் இருந்தது, அந்த நாடாவோ கென்னடி இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே விற்பனைக்கு வந்தது. 1999இல் அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இவ்வளவு பணம் புழங்காவிட்டால் யார் இந்தப் போலிகளை மெனக்கெட்டுச் செய்வார்கள்?

பழந்தாள்:
அவற்றை வாங்கியவர்களில் பலர் பங்குபோல முதலீடு செய்தவர்கள். தாளைக் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கமுள்ளவர் முகவரியிலேயே நின்றிருப்பார். உறையும், கடிதம் கைமாறிய வரலாறும் இல்லாமல் நான் எதையும் வாங்குவதில்லை.

காப்பகவாசி:
தாள் உங்களுடையதாகலாம், அதிலுள்ள வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கோ அவருடைய வாரிசுக்கோ உரியது. ஆகவே உங்கள் தொகுப்பை இணையத்தில் ஏற்றச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் ஓரத்தில் பேனாவால் எழுதிய வரிகளே உங்கள் முதன்மையான வாதம் என்றால், அவற்றைப் படிக்க வரும் ஆய்வாளருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். அமெரிக்க நகைச்சுவை நடிகர் கிரவுச்சோ மார்க்ஸ் 1960களில் தம் கடிதங்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தபின், அங்கே போய்க் கேட்பவர் படிக்க முடிகிறது.

பழந்தாள்:
கேட்டு வருபவருக்கு நான் மறுத்ததில்லை. உயிலிலும் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் பெயரை எழுதியிருக்கிறேன். அதுவரை அவை என் அலமாரியில்தான் இருக்கும், அதில் எனக்குக் கூச்சமில்லை.

மைக்கூடு:
உங்களைப்போல உயில் எழுதாதவர்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.