ஆன்யூட்டி ஸ்டேட்மெண்ட்ல மூணு தொகை, இதுல எது என் பணம்?

டல்லாஸ்_புதுசு: அவசரம்ங்க. எச்1பி வேலை விசா, வேலை போயிடுச்சு, அமெரிக்கால தங்க 60 நாள்தான் இருக்கு. போன வருஷம் ஆன்யூட்டில (இன்சூரன்ஸ் கம்பெனில பணம் போட்டு பின்னால வருமானமா வாங்குற திட்டம்) 50,000 டாலர் போட்டோம். அக்கவுண்ட் வேல்யூ 51,200, பெனிஃபிட் பேஸ் 53,500, சரண்டர் வேல்யூ 47,514னு இருக்கு. 53,500ஐ எடுத்துட்டு ஊருக்குக் கிளம்பலாமா?

எடிசன்வாசி: இதை வாங்கியிருக்கவே கூடாது. வந்த புதுசுல ஆறு மாசச் செலவைக் கையில வச்சுட்டு, 401கேங்கிற ஓய்வுக்காலக் கணக்குல கம்பெனி தன் பங்கா போடுற மேட்ச்சை முழுசா வாங்கணும்.

காத்தாடி: விட்றாதீங்க. பெனிஃபிட் பேஸ் 7% ஏறியிருக்கு, எந்த பேங்க் குடுக்கும்?

எடிசன்வாசி: கைக்கே வராத 7%.

ஃப்ரீமாண்ட்_அண்ணாச்சி: பாட்லக் விருந்துல தட்டை வைக்கிறதுக்குள்ள ஆன்யூட்டி விக்கிறவங்க ஃபாரத்தை நீட்டுறாங்க. கமிஷன் எவ்வளவுன்னு கேட்டா சாம்பார் பிரமாதம்பாங்க.

கணக்குப்பிள்ளை: கேள்விக்கு வருவோம். 53,500ஐ எடுக்க முடியாது. ஆயுள் வருமானத்தைக் கணக்கு போட மட்டும்தான் அந்த எண். 65 வயசுல 5%னு ஒப்பந்தம் சொன்னா வருஷத்துக்கு 2,675. முழுசா சரண்டர் பண்ணா, அதாவது ஒப்பந்தத்தை முறிச்சுப் பணத்தை எடுத்தா, அதுவும் போச்சு.

உங்க கைக்கு வர்றது 47,514. 51,200ல 10%, அதாவது 5,120க்கு, பாதியில எடுக்குறதுக்கான பிடித்தம் இல்ல. மீதி 46,080க்கு 8% போட்டா 3,686, கணக்கு பொருந்துது. சில ஒப்பந்தங்கள்ல முழு சரண்டருக்கு அந்த 10% சலுகை கிடையாது. உங்களுக்குக் குடுத்திருக்காங்க.

வயசு என்ன? 401கே, ஐஆர்ஏ மாதிரி ஓய்வுக்காலக் கணக்குலேர்ந்து மாத்தின பணமா?

டல்லாஸ்_புதுசு: 38. வரி கட்டின சேமிப்புதான்.

கணக்குப்பிள்ளை: அப்போ முழு சரண்டர்ல போட்ட 50,000ஐ விடக் குறைவாத்தான் வருது, வரி போட லாபமே இல்ல. வரியும் இல்ல, 59½ வயசுக்கு முன்னாடி எடுத்தா வர்ற 10% அபராதமும் இல்ல. ஆனா 5,120 மட்டும் எடுத்தீங்கன்னா, லாபம்தான் முதல்ல வெளிய வருதுன்னு கணக்கு. 1,200க்கு வரி, கூடவே 120 அபராதம். பேஸும் பெரும்பாலும் அதே விகிதத்துல குறைஞ்சு 48,150 ஆயிடும்.

இன்னைக்கு சரண்டர் பண்ணா எவ்வளவுன்னு கம்பெனிகிட்ட எழுத்துல வாங்குங்க. மார்க்கெட் வேல்யூ அட்ஜஸ்ட்மெண்ட் (வட்டி நிலவரத்தைப் பொறுத்து தொகையை ஏத்தி இறக்குற விதி) இருந்தா தொகை மாறும். ஒப்பந்த ஆண்டு முடியுற தேதி பக்கத்துல இருந்தா பொறுங்க. பிடித்தம் 8%லேர்ந்து 7% ஆனா 460 டாலர் மிச்சம்.

காத்தாடி: எடுக்காம ஊருக்குப் போனா?

கணக்குப்பிள்ளை: அமெரிக்கால வசிக்காத வெளிநாட்டுக்காரர்னு சொல்ற டபிள்யூ-8பென் ஃபாரம் குடுக்கணும். வரி ஒப்பந்தச் சலுகை கேக்கலன்னா பின்னால லாபத்துல 30% பிடிப்பாங்க.

எடிசன்வாசி: பணம் வந்து சேர்ற வரைக்கும் இங்க இருக்குற பேங்க் கணக்கை மூடிடாதீங்க. அமெரிக்க செக்கை ஊர்ல மாத்துறது பெரும்பாடு.