கார்புரேட்டர் சின்க் செய்ய எந்தக் கருவி? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான்குகுழல்:

இரண்டு வாரமாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை எழுதுகிறேன். வண்டி நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர். நான்கும் காற்றைச் சமமாக இழுக்கும்படி திருகுகளைச் சரிசெய்வதுதான் சின்க். கருவி, ஒரே தகட்டில் நான்கு வட்ட வாக்குவம் கேஜ்கள் (சிலிண்டரின் இழுப்பை முள்ளால் காட்டும் அளவிகள்) பொருத்திய வழக்கமான செட். டேங்கைக் கழற்றி, தனி டப்பாவிலிருந்து பெட்ரோல் கொடுத்து, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு குழாய்களை மாட்டினேன். முள்கள் நான்கும் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் அடித்துக்கொண்டன. ஐடில் 1,200 சுற்று என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 10 முறை காற்றை இழுக்கிறது. ஒவ்வொரு இழுப்பும் அப்படியே முள்ளுக்குப் போய்ச் சேரும். குழாயில் உள்ள சிறு கட்டுப்பாட்டுத் திருகுகளை இறுக்கி முள்களை அடக்கினேன். அரை மணி நேரத்தில் நான்கும் 22 செ.மீ. (பாதரச அளவு) கோட்டில் நின்றன.

டேங்கை மாட்டி ஓட்டிப் பார்த்தால், 4,000 சுற்றில் முன்பு இல்லாத நடுக்கம் கைப்பிடிக்கு வந்திருந்தது. ஐடிலில் கிளட்ச் பக்கம் கேட்ட கடகடப்பும் கூடியிருந்தது. மறுநாள் எல்லாவற்றையும் மீண்டும் கழற்றி, ஒரு சந்தேகத்தில், 2-ஆம் கேஜையும் 3-ஆம் கேஜையும் மட்டும் ஒன்றின் சிலிண்டருக்கு மற்றொன்றாக மாற்றி மாட்டினேன். 2-ஆம் கேஜ் 24-க்கு ஏறியது. 3-ஆம் கேஜ் 20-க்கு இறங்கியது. திருகு எதையும் நான் தொடவில்லை, ஐடில் வேகமும் அதேதான். குழாய்கள் மட்டுமே இடம் மாறியிருந்தன. அந்த இரண்டு முள்களும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்த காட்சி இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை. அரை மணி நேரம் நான் சரிசெய்தது கார்புரேட்டரை அல்ல, கேஜின் பிழையை என்று அப்போதுதான் புரிந்தது. அடுத்து எந்தக் கருவியை நம்பி வாங்குவது? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

எண்ணெய்மட்டம்:

உங்களுக்கு நேர்ந்தது கேஜ் செட் வாங்கிய பலருக்கும் நேர்ந்ததுதான். அந்த அலுப்பில்தான் நான் கேஜையே விட்டுவிட்டு, ஒரு மரப் பலகையில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை வளைத்துக் கட்டி, பாதியளவு டூ ஸ்ட்ரோக் எண்ணெய் ஊற்றி, இரு முனைகளையும் இரண்டு சிலிண்டருக்கும் கொடுத்தேன். அதில் பொய் சொல்ல எதுவுமே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே எண்ணெய், ஒரே குழாய். இழுப்பு சமமாக இருந்தால் மட்டம் சமமாக நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது. பாதரசத்தில் 1 செ.மீ. வித்தியாசம் எண்ணெயில் ஏறத்தாழ 15 செ.மீ. வித்தியாசமாகத் தெரியும் என்பதால், கேஜில் கண்ணுக்கே படாத பிழைகூட இதில் விரற்கடை அளவுக்கு விரிந்து நிற்கும்.

ஆனால் அந்த நுட்பமே என்னைக் கவிழ்த்தது. மட்டம் ஏறக்குறைய சமமாகி, கடைசிக் கால் திருப்பு மட்டும் மீதமிருந்த நேரத்தில், முழங்கை பட்டு ஒரு பக்கக் குழாய், அதை மாட்டியிருந்த சிறு முனையான நிப்பிளிலிருந்து கழன்றது. கழன்ற பக்கத்தில் வெளிக்காற்று, மறுபக்கத்தில் இன்ஜினின் முழு இழுப்பு. ஐடிலில் இருக்கும் 20 செ.மீ. பாதரச அளவு வெற்றிடத்துக்கு எண்ணெயை 3 மீட்டர் உயரம் தூக்கும் வலு உண்டு. என் பலகையின் உயரமோ ஒன்றரை மீட்டர். சாவியை அணைக்கக் கை போவதற்குள் குழாய் காலியாகிவிட்டது. நீல நிறத்தில் நின்ற எண்ணெய் ஒரே மூச்சில் மேலே ஓடி மறைந்ததையும், சைலன்சரிலிருந்து வெண்புகை திரண்டு வந்ததையும் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் என்பதால் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டியதோடு பிழைத்தேன். அதனால்தான் தண்ணீர் ஊற்றிச் செய்யாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். தண்ணீர் ஓரளவுக்கு மேல் சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். இப்போது இரண்டு பக்கமும் ஒரு காலி பாட்டிலை இடையில் கட்டியிருக்கிறேன். எண்ணெய் எகிறினாலும் பாட்டிலில் விழுந்து தங்கிவிடும்.

வெள்ளிநூல்:

எண்ணெய்மட்டம் சொல்லும் 15 மடங்கு பெருக்கம் இரண்டு சிலிண்டருக்குப் பொருந்தும். நான்கு கார்புரேட்டரும் ஆளுக்கொரு பக்கமாக இருக்கும் வண்டியில் அந்தப் பலகையை வைத்தால், முதல் நிமிடமே எண்ணெய் எங்கோ போய்விடும். அதனால்தான் அந்தக் காலத்தில் எல்லோரும் பாதரசத்துக்குப் போனார்கள். நானும் பல ஆண்டுகள் நான்கு பாதரசக் குழல்கள் கொண்ட பழைய மானோமீட்டரைத்தான் வைத்திருந்தேன். அதைவிட நேர்மையான கருவியை நான் பார்த்ததில்லை. அதைவிட ஆபத்தானதையும் பார்த்ததில்லை.

ஒருநாள் ஐடிலில் எல்லாம் சமமான மகிழ்ச்சியில், த்ராட்டிலை 4,000 வரை திருகிச் சட்டென்று விட்டேன். சுற்று உயர்ந்திருக்கும்போது த்ராட்டில் மூடிக்கொண்டால் வெற்றிடம் ஐடிலில் இருப்பதைவிட வெகுவாக ஏறும் என்பது தெரிந்த செய்திதான். அந்த நொடியில் கைக்கு அது தெரியவில்லை. முதல் குழலில் பாதரசம் ஒரு வெள்ளி நூல் போல நீண்டு, உச்சியைத் தொட்டு, ரப்பர் குழாய்க்குள் நுழைந்து காணாமல் போனது. ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழவில்லை. எல்லாம் இன்ஜினுக்குள் போய், ஆவியாகி, மூடிய கொட்டகையில் நான் நின்றுகொண்டிருந்த பக்கமாகச் சைலன்சர் வழியே வந்துகொண்டிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கதவுகளை விரியத் திறந்து வெளியே ஓடினேன். அன்று முழுவதும் கொட்டகைக்குள் போகவில்லை.

பாதரச ஆவியை மூச்சில் இழுப்பது நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும். அலுமினியத்தின் மேல் பட்டால் அந்த உலோகத்தையும் அரித்துவிடும். கார்புரேட்டர் உடல், சிலிண்டர் ஹெட் எல்லாமே அலுமினியக் கலவைதானே. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்ததை நான் ஓர் அரசாங்கச் செய்தியாகப் படிக்கவில்லை. என் கொட்டகையில் நடந்ததை யாரோ எழுதியது போலத்தான் படித்தேன். பழைய பாதரச செட் யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இப்போது கையில் இருப்பது மார்கன் கார்ப்டியூன். பாதரசத்துக்குப் பதிலாக நான்கு குழல்களில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் ஏறி இறங்கும். செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும், குழலுக்குள் ஈரமும் எண்ணெயும் படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

டேப்பெட்முதலில்:

மூவரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கருத்தில் நான்குகுழல் அவர்களின் நடுக்கத்துக்குக் கேஜ் மட்டும் காரணமாக இருக்க முடியாது. நான் ஒருமுறை 1-ஆம் சிலிண்டரில் இழுப்பு குறைவாகக் காட்டியதைத் திருகைத் திருப்பியே சரிக்கட்டினேன். ஒரு மாதம் கழித்து, கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பரை விரலால் அழுத்தியபோது அடிப்பக்கம் வாய் பிளந்தது. அவ்வளவு நாளும் வெடிப்பின் வழியாக நுழைந்த காற்றைத்தான் நான் மற்ற மூன்றோடும் சமப்படுத்தி வைத்திருந்தேன்.

ஆகவே எந்தக் கருவியை வாங்கினாலும் முதலில் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதுவும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டரில் வால்வு இறுகியிருந்தால் அது சரியாக மூடாது, இழுப்பு குறையும், அதைத் திருகால் சரிசெய்தால் நோயை மறைத்ததாகும். அடுத்து ரப்பர், அதன் கிளாம்ப், பயன்படுத்தாத நிப்பிள்களின் மூடிகள் ஆகியவற்றைப் பாருங்கள். பெட்ரோல் காக் வாக்குவத்தால் திறக்கும் வகையாக இருந்தால், அதற்குப் போகும் குழாயைக் கழற்றிய இடம் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி மூடியே இருக்கட்டும். தனி பெட்ரோல் டப்பாவை இன்ஜினுக்கு நேர் மேலே தொங்கவிடாதீர்கள். வண்டி நின்ற இடத்திலேயே ஓடுவதால் முன்னால் ஒரு மின்விசிறி அவசியம். திறந்த வெளி அதைவிட அவசியம். கார்புரேட்டர் வகையில் நடுத்திருகைத் தொடும் முன் இடப்பக்க ஜோடியான 1, 2-ஐ ஒன்றோடொன்று சமமாக்குங்கள், பிறகு 3, 4. கடைசியில் நடுத்திருகால் இரண்டு ஜோடிகளையும் சேருங்கள். நடுத்திருகில் தொடங்கியவர்கள் வட்டமடித்துக்கொண்டே இருப்பார்கள். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிகளில் வரும் த்ராட்டில் பாடி என்றால், பெரும்பாலானவற்றில் ஒரு சிலிண்டர் அடிப்படையாக வைக்கப்பட்டிருக்கும். பெயின்ட் பூசி அடைத்த அதன் திருகைத் தொடக்கூடாது, மற்றவற்றைத்தான் அதற்கு நிகராகக் கொண்டுவர வேண்டும். எது அடிப்படை என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஆகவே அந்த வண்டிக்கான சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு திருப்புக்குப் பின்னும் த்ராட்டிலை மெல்லத் திறந்து மூடி, முள் பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். பூட்டு நட்டை இறுக்கும்போது அளவு நழுவும். இறுக்கிய பிறகு ஒருமுறை பார்ப்பதே உண்மையான அளவு. இவ்வளவையும் செய்துவிட்டுக் கேஜைக் குறை சொல்லலாம்.

இரட்டைக்கேபிள்:

டேப்பெட்முதலில் அவர்களே, நீங்கள் எழுதியதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கேட்டது கருவியைப் பற்றி. குழாயை மாற்றியவுடன் ஒரு முள் 24-க்கும் மற்றொன்று 20-க்கும் போயிற்று என்றால், டேப்பெட் எப்படி இருந்தாலும் அந்தக் கேஜ்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று 2 செ.மீ. வேறுபடுகின்றன என்பது உறுதி. மாற்றும்போது பிழை இரட்டிப்பாகத் தெரியும். 4-இல் பாதி 2.

என் வண்டி இருபுறமும் சிலிண்டர் நீட்டிக்கொண்டிருக்கும் பாக்ஸர் வகை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஆக்சிலரேட்டர் கேபிள். நான் வைத்திருப்பது ட்வின்மேக்ஸ். இரண்டே குழாய், நடுவில் பூஜ்யம் உள்ள ஒரே முள். இரு பக்க அழுத்தத்தின் வித்தியாசத்தை மட்டுமே அது காட்டும். ஐடிலில் முள் சரியாக நடுவில் நின்றது. எல்லாம் முடிந்தது என்று கருவியைக் கழற்றப் போனவன், எதற்கோ த்ராட்டிலைச் சற்றுத் திறந்தேன். 2,500-ஐத் தொட்டதும் முள் மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கம் சாய்ந்து அங்கேயே நின்றது. மூடினேன், நடுவுக்கு வந்தது. திறந்தேன், மீண்டும் சாய்ந்தது. ஒரு கேபிளில் தளர்வு கூடுதலாக இருந்து, அந்தப் பக்கத்துப் பட்டர்ஃபிளை (காற்றுவழியைத் திறந்து மூடும் தகடு) மறுபக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகவே திறந்திருக்கிறது. கேபிள் அட்ஜஸ்டரைக் கால் சுற்றுத் திருப்பியவுடன் சாய்வு போயிற்று. மூன்று ஆண்டுகளாக நெடுஞ்சாலையில் கால் மரத்துப் போகும் நடுக்கத்துக்கு அந்தக் கால் சுற்றுதான் காரணம். ஐடிலில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள் என்று இதைப் படிக்கும் பாக்ஸர்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்; நாம் வண்டியை ஐடிலில் ஓட்டுவதில்லை.

நான்குகுழல் அண்ணா, புதிய கருவி வாங்கும் முன் ஒன்றைச் செய்துபாருங்கள். ஒரே நிப்பிளிலிருந்து டி-இணைப்புகள் வைத்து நான்கு கேஜுக்கும் ஒரே சிலிண்டரின் இழுப்பைக் கொடுங்கள். அப்போது நான்கும் ஒரே எண்ணைக் காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் வித்தியாசம் கேஜுடையது. ட்வின்மேக்ஸிலும் நான் ஒவ்வொரு முறையும் இரு குழாய்களையும் ஒரே இடத்தில் சேர்த்துத்தான் பூஜ்யம் வைக்கிறேன். குழாய்களின் நீளமும் ஒன்றாக இருக்கட்டும். கட்டுப்பாட்டுத் திருகை முள் அசையாமல் போகும் அளவுக்கு இறுக்காதீர்கள்; அப்படி இறுக்கினால் முள் இப்போதைய இழுப்பைக் காட்டாது, சில நொடிகளுக்கு முந்தையதைக் காட்டும். முள் ஓர் அரிசி அளவு துடித்துக்கொண்டிருப்பதே நல்லது.

நான்குகுழல்:

எல்லோருக்கும் நன்றி. ரப்பர் நான்கையும் அழுத்திப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. டேப்பெட்டையும் பார்த்தேன், எல்லாம் அளவுக்குள் இருக்கின்றன. பிறகு மீன்தொட்டிக்குக் காற்றுக் குழாய் பிரிக்கும் சிறிய டி-இணைப்புகள் மூன்றை வைத்து நான்கு கேஜையும் 1-ஆம் சிலிண்டரில் மாட்டினேன். 1, 2, 4 மூன்றும் 22, 3-ஆவது 20. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன், அந்த 2 செ.மீ. இடைவெளி மாறவே இல்லை. அது மாறாதவரை இந்தக் கருவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்று முடிவு செய்து, 3-ஆம் கேஜின் கண்ணாடியில் காகிதப் பட்டை ஒன்றை ஒட்டி, 20-க்கு நேராகக் கறுப்பு மையில் ஒரு கோடு போட்டேன்.

இன்று காலை மறுபடியும் சின்க் செய்தேன். 1-உம் 2-உம், பிறகு 3-உம் 4-உம், கடைசியில் நடுத்திருகு. 3-ஆம் சிலிண்டர் திருகு ஏறத்தாழ அரைச் சுற்றுத் திரும்ப வேண்டியிருந்தது. பூட்டு நட்டை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது என்னவோ குறைவது போலிருந்தது. பிறகுதான் தெரிந்தது, கிளட்ச் பக்கத்துக் கடகடப்பைக் காணோம். காதைக் கிளட்ச் மூடிக்கு அருகே கொண்டுபோனேன். செயின் ஓடும் ஒலி மட்டும் கேட்டது.