கிஸ் 'டீமன்' பொம்மை பிசுபிசுக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மெக்ஃபார்லேன் டாய்ஸ் 1997-இல் வெளியிட்ட கிஸ் ராக் குழு பொம்மைகள் நான்கும் என்னிடம் இருக்கின்றன. ஸ்பேஸ்மேன், ஸ்டார்சைல்ட், கேட்மேன் மூன்றும் நன்றாக இருக்கின்றன. குழுவில் ஜீன் சிம்மன்ஸ் போட்ட வேடமான டீமன் மட்டும் போன கோடையிலிருந்து பிசுபிசுக்கிறது. பூட்ஸிலும் கறுப்பு உடையிலும்தான். தொட்டால் விரல் ஒட்டுகிறது, தூசி அப்பிக்கொள்கிறது. முகத்தில் இதுவரை இல்லை.

இருப்பது நியூ ஜெர்சியில். கண்ணாடி அலமாரி, வெயில் படாத இடம்.

பிளாஸ்டிக்கை மென்மையாக்கக் கலக்கும் பிளாஸ்டிசைசர் என்ற பொருள் நாளாக ஆக மேலே கசியும், மூடிய இடத்தில் இன்னும் மோசமாகும் என்பது தெரியும். அதனால் அலமாரிக் கதவைத் திறந்தே வைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, மென்மையான பிரஷால் தேய்த்தேன். சில வாரம் சரி, அப்புறம் பழையபடி. டால்கம் பவுடர் தூவினால் கறுப்பு சாம்பல் நிறமாகிறது, பார்க்கவே சகிக்கவில்லை.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மட்டும் இன்னும் தொடவில்லை, பெயின்ட்டைக் கரைத்துவிடுமோ என்று பயம். டீமனுக்கு அந்தக் கறுப்பு வெள்ளை முகம்தான் எல்லாமே. அது அழிந்தால் மிஞ்சுவது யாரோ ஒரு ஆள்.

பெயின்ட் போகாமல் இந்தப் பிசுபிசுப்பை நிரந்தரமாக எடுத்தவர்கள் யாராவது இருந்தால், எதைக் கொண்டு எடுத்தீர்கள்?